பெரியப்பா போட்ட வழக்கு: அம்மாவுக்கு இலவச வக்கீல் கிடைப்பாரா?

கேள்வி: வணக்கம் சார். பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறார். நான் கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறேன். அக்காவைப் பாகூர் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். தாத்தா விட்டுப்போன நிலத்தை அப்பாவும் பெரியப்பாவும் இருபது வருடம் முன்பே ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். பத்திரம் பதியவில்லை, யாருக்கு எது என்று எழுதிய கூர்ச்சீட்டு மட்டும் இருக்கிறது. பெரியப்பா தன் பங்கை விற்றுவிட்டார். இப்போது எங்களிடம் இருக்கும் முந்திரித் தோப்பிலும் வீட்டிலும் பாதி கேட்டு எங்கள் மூவர் மேலும் பண்ருட்டி கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார். சம்மன் வந்து பதினைந்து நாள் ஆகிறது. இலவச வக்கீலைப் பற்றி விசாரிக்கப் போனபோது கோர்ட் வாசலில் ஒருவர், “வருமானச் சான்று வேண்டும், பையன் சம்பாதிப்பதால் கிடைக்காது, 5,000 கொடுத்தால் நான் முடித்துத் தருகிறேன்” என்றார். அம்மாவோ, “காசு வாங்காத வக்கீல் கேஸைக் கவனிப்பாரா?” என்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்த 5,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள் தம்பி. ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் சொன்னது எதுவும் சரியில்லை.

உங்கள் அம்மாவுக்கு வருமானச் சான்றே தேவையில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவு யார் யாருக்கு இலவச சட்ட உதவி உண்டு என்று பட்டியல் போடுகிறது. அதில் பெண்கள் தனி வகை. அவர் மகன் எவ்வளவு சம்பாதிக்கிறான், அவருக்கு எத்தனை சென்ட் நிலம் இருக்கிறது என்ற கேள்வியே அங்கே எழாது. பெண் என்பது போதும். உங்கள் அக்காவுக்கும் அதேதான். அவர் பாகூரில், அதாவது புதுச்சேரி எல்லைக்குள், இருக்கிறாரே என்று யோசிக்க வேண்டாம். வழக்கு பண்ருட்டியில் நடக்கிறது, உதவியும் இங்கேதான் கேட்க வேண்டும்.

இனி உங்கள் விஷயம். ஆண் என்பதால் உங்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் அந்த வரம்பு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். உங்கள் சம்பளம் ஆண்டுக்கு 2,16,000. ஓவர்டைம் கொஞ்சம் சேர்ந்தாலும் வரம்புக்குள்தான் வரும். இதற்கும் தாலுகா ஆபீசில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வருமானம் இவ்வளவு என்று நீங்கள் கொடுக்கும் அஃபிடவிட்டையே பொதுவாக ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது 13-ஆம் பிரிவு. அதை நம்பாமலிருக்கக் காரணம் இருந்தால்தான் மேற்கொண்டு கேட்பார்கள். சம்பளச் சீட்டு நகல் ஒன்று கூட வைத்தால் பேச்சுக்கே இடமில்லை. அதுவும் போக, தொழிற்சாலைத் தொழிலாளி என்பது அதே பட்டியலில் இன்னொரு தனி வகை. அந்த வகையில் நுழைந்தால் வருமானக் கணக்கே வராது.

பட்டியலில் இருக்கும் மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், மனிதக் கடத்தலுக்கோ கொத்தடிமை வேலைக்கோ ஆளானவர்கள். அப்புறம் பேரழிவு, வெள்ளம், சாதிக் கொடுமை ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவர்கள். 2004 சுனாமி, 2011 டிசம்பரில் தானே புயல், 2015 வெள்ளம் என்று வரிசையாகப் பார்த்த மாவட்டம் நம்முடையது. ஆனால் நிவாரணத் தகராறில் இலவச வக்கீல் கேட்கலாம் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. இவர்களுக்கெல்லாம் வருமான வரம்பு கிடையாது. வரம்பு பார்ப்பது இந்த வகைகளில் எதிலும் சேராதவர்களுக்கு மட்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அந்தத் தொகை வேறுபடும், ஆகவே நான் சொன்ன 3 லட்சத்தைப் புதுச்சேரி உறவினர்களிடம் அப்படியே சொல்லிவிடாதீர்கள்.

சரி, இப்போது அவசரமான விஷயம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்தப் பதினைந்து நாள்தான். சம்மன் கையில் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை, அதாவது வழக்குக்கு உங்கள் எழுத்துப் பதில், தாக்கல் செய்ய வேண்டும் என்பது சிவில் நடைமுறைச் சட்டம். கோர்ட் காரணத்தை எழுதி வைத்து 90 நாள் வரை நீட்டித் தரலாம். அதற்குப் பிறகும் அனுமதித்த தீர்ப்புகள் உண்டு என்று யாராவது சொல்வார்கள். உண்டுதான், அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சம்மனில் போட்டிருக்கும் வாய்தா தேதியன்று யாரும் ஆஜராகாவிட்டால் உங்களை எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிட்டு வழக்கை ஒருதலையாக முடிக்கலாம். அப்படி வந்த தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். அதையும் தவறவிட்டால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு, தீர்ப்பை நீக்கச் சொல்லி இன்னொரு மனு என்று, அசல் வழக்கைத் தொடுவதற்கு முன்பே வருடங்கள் போய்விடும். இலவச உதவி கேட்டு வருபவர்களில் நிறையப் பேர் இந்தக் கட்டத்தில்தான் வருகிறார்கள். நீங்கள் அதற்கு முன்பே எழுதியிருக்கிறீர்கள், நல்லது.

வாய்தாவுக்குள் வக்கீல் நியமனம் ஆகாவிட்டால் என்ன செய்வது? நீங்களும் அம்மாவும் அன்றைக்கு நேரே போய் நில்லுங்கள். பெயர் கூப்பிட்டதும் முன்னால் போய், “சட்ட உதவிக்கு மனுக் கொடுத்திருக்கிறோம், அவகாசம் வேண்டும்” என்று நீதிபதியிடமே சொல்லலாம். மனுக் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீதிபதி கடித்துவிட மாட்டார்.

மனுவை எங்கே கொடுப்பது? பண்ருட்டி நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. அந்த ஊரிலுள்ள மூத்த நீதிபதிதான் அதன் தலைவர். மாவட்ட அளவில் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. அதற்கு முதன்மை மாவட்ட நீதிபதி தலைவர், செயலாளராக இருப்பவரும் ஒரு நீதிபதி. இந்த அமைப்பு கட்சி அலுவலகமும் இல்லை, கலெக்டர் ஆபீசின் கிளையும் இல்லை. நீதித்துறையின் கையில் இருப்பது. மனு வெள்ளைத்தாளில் எழுதினாலும் போதும். அம்மாவுக்கு எழுத வராவிட்டால் அவர் வாயால் சொல்வதை அங்குள்ள ஊழியரோ சட்டத் தன்னார்வலரோ எழுதிக்கொள்வார்கள். ஆதார் நகல், சம்மன், அதோடு வந்த வழக்குரை (பெரியப்பா கோர்ட்டில் எழுதிக் கொடுத்தது) நகல், இவை இருந்தால் ஆரம்பிக்கப் போதும். வழியில் யாராவது குறுக்கே நின்றால் 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் அது. மனுவை நிராகரித்தால் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் விஷயத்தில் நிராகரிக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நியமனம் ஆனால் வக்கீல் கட்டணம், கோர்ட் கட்டணம், நோட்டீஸ் செலவு, தீர்ப்பு நகல் செலவு எல்லாம் ஆணைக்குழு பார்த்துக்கொள்ளும். பஸ் காசும் அம்மா இழக்கும் ஒரு நாள் கூலியும் உங்கள் தலையில்தான்.

அடுத்து அம்மாவின் கேள்வி. அதை நான் தட்டிக் கழிக்கப் போவதில்லை. காசு வாங்காத வக்கீல் கேஸைக் கவனிப்பாரா?

முதலில், இலவச வக்கீல் என்றால் அரசு வக்கீல் இல்லை. நம் ஊரில் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். அரசு வக்கீல் அரசாங்கத்துக்காக வாதாடுபவர். சட்ட உதவியில் வருபவர் பேனல் வக்கீல், அதாவது ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில் இருப்பவர். உங்களைப் போன்றவர்களிடம் கட்டணம் வாங்கி வெளியிலும் வழக்கு நடத்துபவர்தான், இந்த வழக்கில் அவருக்குக் கட்டணம் ஆணைக்குழுவிலிருந்து வருகிறது. கிரிமினல் வழக்குகளுக்கு மட்டும் 2022-இலிருந்து முழுநேர வக்கீல்களை வைத்து நடத்தும் ஏற்பாடு வந்திருக்கிறது. உங்களுடையது சிவில், ஆகவே பேனல் வக்கீல்தான் வருவார்.

அந்தக் கட்டணம் குறைவு. வெளியில் ஒரு பாகப்பிரிவினை வழக்குக்கு வாங்குவதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, வந்து சேரவும் தாமதமாகும். அதனால் சிலர் இந்த ஃபைலைக் கட்டின் அடியில் வைத்துவிடுகிறார்கள் என்பது உண்மை. நானும் பேனலில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். தனியார் வழக்கை விட இதில் கூடுதல் அக்கறை காட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். இளம் வக்கீல்கள் பலர் சாட்சி விசாரணையைக் கற்றுக்கொள்வதே இந்த வழக்குகளில்தான். பெரியப்பா பெரிய வக்கீலாக வைத்திருந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பாகப்பிரிவினை வழக்கில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் காகிதத்தால்.

வக்கீல் எப்படி அமைந்தாலும், அவரைக் கவனிக்க வைப்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு. காசு கொடுத்த கட்சிக்காரர் வாரம் ஒரு முறை போன் போட்டு நச்சரிப்பார். இலவச உதவி வாங்கியவர் ஏதோ தயவில் வந்த மாதிரி ஓரமாய் நின்றுவிட்டுப் போவார். அந்தக் கூச்சம் வேண்டாம். ஏழை என்பதால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அதற்கு அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1976-இல் அரசியல் சட்டத்திலேயே 39-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படிதான் பின்னால் இந்தச் சட்டம் வந்து, 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. உங்களுக்கு வருவது அந்த உரிமை, யாருடைய தயவும் இல்லை.

ஆகவே, வாய்தாவுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அவர் ஆபீசுக்குப் போய்ப் பாருங்கள். கோர்ட் வராந்தாவில் நின்று பேசினால் ஒன்றும் நடக்காது. எதிருரையைத் தாக்கல் செய்வதற்கு முன் படித்துக் காட்டச் சொல்லுங்கள், அம்மாவுக்கு ஒவ்வொரு பாராவும் புரிய வேண்டும், பின்னால் கூண்டில் ஏறிப் பதில் சொல்லப் போவது அவர்தான். வக்காலத்தில் கையெழுத்துப் போடலாம், வெற்றுத்தாள் எதிலும் வேண்டாம். வழக்குக்கு 16 இலக்க சி.என்.ஆர். எண் ஒன்று இருக்கும், அதை வாங்கிக்கொண்டு இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று உங்கள் போனிலேயே தெரியும். குமாஸ்தா சொல்லும் தேதியை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை.

பேனல் வக்கீல் உங்களிடம் எந்தப் பெயரிலும் பணம் கேட்கக் கூடாது. டைப்பிங் செலவு, டீ செலவு என்றாலும் சரி. கேட்டாலோ, தொடர்ந்து ஆஜராகாமல் இருந்தாலோ, ஆணைக்குழுச் செயலாளருக்குத் தேதி போட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். நடக்கும் வழக்குகளைக் கண்காணிக்க ஒரு குழு இருக்கிறது, வக்கீலை மாற்றித் தரவும் வழி இருக்கிறது. ஆனால் இரண்டு வாய்தா தள்ளிப் போனதற்கெல்லாம் வக்கீல் மேல் புகார் எழுதாதீர்கள். சிவில் வழக்கு தள்ளிப் போகாவிட்டால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

இனி வழக்குக்கே வருவோம். முழு வழக்குரையைப் படிக்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனாலும் உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது: “பெரியப்பா தன் பங்கை விற்றுவிட்டார்.” அந்தக் கிரயப் பத்திரத்தைத் தேடிப் பிடியுங்கள். நிலம் விற்பவர் எந்தப் பத்திரத்திலும், இந்தச் சொத்து தனக்கு எப்படிக் கிடைத்தது என்று ஆரம்பத்தில் எழுதுவார். “எனக்கும் என் தம்பிக்கும் ஏற்பட்ட வாய்மொழிப் பாகப்பிரிவினையில் என் பாகத்துக்குக் கிடைத்து, என் தனி அனுபவத்தில் இருந்து வரும்” என்கிற மாதிரி ஒரு வாசகம் அதில் இருந்தால், இன்றைக்குப் பாகமே பிரியவில்லை என்று வழக்குப் போட்டவர் அன்றைக்குப் பிரிந்தது என்று சார்பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பார்த்தால் பத்திர எண் கிடைக்கும். பிறகு சார்பதிவாளர் ஆபீசில் அதன் சான்றிட்ட நகல் வாங்கலாம்.

வேறொன்றும் பார்க்க வேண்டும். அவர் விற்ற அந்த நிலத்தை வழக்குச் சொத்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறாரா? பாகம் கேட்பவர் பொதுச் சொத்து முழுவதையும் கோர்ட் முன்னால் வைக்க வேண்டும். தான் விற்றதை மறைத்துவிட்டு, மிச்சமிருப்பதில் மட்டும் பாதி கேட்டால் அதையே எதிருரையில் ஆட்சேபணையாக எழுத வேண்டும். பேனல் வக்கீலை முதல் முறை பார்க்கும்போதே இதைச் சொல்லுங்கள்.

கூர்ச்சீட்டு பதியப்படவில்லையே என்று பயப்பட வேண்டாம். இந்துக் குடும்பத்தில் வாய்மொழியாகப் பாகம் பிரிப்பது செல்லும். ஏற்கெனவே பிரிந்ததைக் குறித்து வைத்த நினைவுச் சீட்டாக அது இருந்தால் பதிவு தேவையில்லை. “இன்று இதன் மூலம் பிரித்துக்கொள்கிறோம்” என்று அந்தச் சீட்டே பாகம் பிரிப்பதாக எழுதப்பட்டிருந்தால்தான் சிக்கல். அந்த வித்தியாசம் அதன் வாசகத்தில் இருக்கிறது. அசலை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள், கோர்ட்டில் குறியிடும் நாள் வரை வீட்டில் இருக்கட்டும், வக்கீலுக்கு நகல் போதும். சீட்டில் கையெழுத்துப் போட்ட பெரியவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பாருங்கள். தனித்தனிப் பட்டா, தீர்வை ரசீது, வீட்டு வரி, கரண்ட் கார்டு, தோப்பைக் குத்தகைக்கு விட்டிருந்தால் அந்தச் சீட்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் சேருங்கள். பட்டா ஒன்றே உரிமையை நிரூபித்துவிடாது, ஆனால் இருபது வருடமாகத் தனித்தனியாக அனுபவித்ததைக் காட்ட இவையெல்லாம் சேர்ந்து நிற்கும்.

வழக்கு முடியும் வரை தோப்பை விற்கவோ அடமானம் வைக்கவோ வேண்டாம். முந்திரி எடுக்கும் பருவத்தில் பெரியப்பா வீட்டார் தோப்புக்குள் இறங்கினால் கைகலப்புக்குப் போகாதீர்கள். சிவில் வழக்கில் உங்களுக்கு இருக்கும் பலத்தை ஒரு எஃப்.ஐ.ஆர். கெடுத்துவிடும். தடை உத்தரவு கேட்கலாம், அதற்கும் பேனல் வக்கீல்தான்.

சமரசம் பேசலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பாகப்பிரிவினை வழக்கில் ஒரு தீர்ப்போடு கதை முடியாது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை வரும், பிறகு கோர்ட் நியமிக்கும் ஆணையர் வந்து அளந்து இறுதித் தீர்ப்பாணை, நடுவில் மேல்முறையீடு. மேல்முறையீட்டுக்கும் சட்ட உதவி உண்டு, உயர் நீதிமன்றத்துக்கென்று தனிக் குழு சென்னையில் இருக்கிறது, ஆனால் காலம் யாருக்கும் இலவசமாகத் திரும்பி வராது. ஆகவே அந்தக் கிரயப் பத்திர நகல் கையில் வந்த பிறகு, பேச்சுவார்த்தைக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். சமரச மையத்துக்கோ மக்கள் நீதிமன்றத்துக்கோ வழக்கை அனுப்பக் கேட்கலாம். நகல் வருவதற்கு முன்னால் போகாதீர்கள். கையில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்தால் “கொஞ்சம் விட்டுக்கொடும்மா” என்று எல்லாரும் அம்மாவைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் ஒன்று ஞாபகம் இருக்கட்டும். அங்கே யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. சம்மதமில்லை என்றால் வழக்கு பழைய கோர்ட்டுக்கே திரும்பும், ஒன்றும் குறையாது. ஆனால் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. எத்தனை சென்ட், எந்தப் பக்கம், பாதை யாருக்கு, கிணற்றில் தண்ணீர் முறை என்ன என்பதெல்லாம் எழுத்தில் வந்த பிறகுதான் கையெழுத்து.

கடைசியாக அக்கா விஷயம். அப்பாவின் பங்கில் அம்மா, நீங்கள், அக்கா மூவருக்கும் சம உரிமை. கட்டிக் கொடுத்தாகிவிட்டது என்பதால் அவர் பங்கு போய்விடாது. இதை நீங்களே முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். எதிர்க்கட்சியார் இந்த மாதிரி வழக்குகளில் முதலில் போய்ப் பேசுவது கட்டிக் கொடுத்த பெண்ணிடம்தான். மூவரும் ஒரே நிலையில் இருந்தால் ஒரே பேனல் வக்கீல் மூவருக்கும் ஆஜராகலாம், ஒரே எதிருரை போதும். அவருக்கு வேறு எண்ணம் இருந்தால் அவர் தனி வக்கீல் கேட்கட்டும், அதற்கும் அவருக்கு உரிமை உண்டு. அவருக்குச் சம்மன் என்றைக்குக் கிடைத்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அவருடைய 30 நாள் கணக்கு தனி. வக்காலத்தில் அவர் கையெழுத்தும் வேண்டும், ஆகவே நீங்களும் அம்மாவும் பண்ருட்டிக்கு மனுக் கொடுக்கப் போகிற அன்றே அவரையும் ஆதார் நகலோடு வரச் சொல்லுங்கள்.